அமெரிக்காலேந்து வர்ற குட்டி மாத் (அந்துப்பூச்சி) போட்டோவுக்கு பெங்களூர்லேந்து பேர் கண்டுபிடிக்கறது எப்படி

பெங்களூர்ல உக்காந்துட்டு நியூ ஜெர்சி அந்துப்பூச்சிக்கு எதுக்குப் பேர் தேடணும்னு கேக்கலாம். நம்ம வீடுகள்ல முக்கால்வாசி பேருக்கு அங்க யாராவது ஒருத்தர் இருக்காங்க, அங்க ராத்திரி வாசல் லைட்ல ஏதாச்சும் பூச்சி வந்து ஒட்டிக்கிட்டா இங்க காலைல காபி ஆறதுக்குள்ள ஃபேமிலி க்ரூப்ல போட்டோ வந்துடும், பூச்சிப் பைத்தியம்னு பேர் வாங்குன ஆள் நான்தான்ங்கறதால கேள்வி நேரா என்கிட்ட வரும். ஆர்வம் இருக்கறவங்க யாரும் இதைச் செய்யலாம், சுவாலஜி டிகிரி எல்லாம் வேண்டாம், ஆனா ஒரு வரிசை வேணும். போட்டோவைப் பார்த்ததும் "ஆரஞ்சு கலர் மாத்"னு தேடினா எங்கயோ போய் நிப்பீங்க. கலர் கடைசில. அதுதான் இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப் போறது.

எல்லா மாத்துக்கும் பொதுவா எழுதினா பாதிலயே தூக்கம் வந்துடும், அதனால ஒரே ஒரு பூச்சியை எடுத்துக்கறேன். அட்டேவா ஆரியா. அங்க ஐலாந்தஸ் வெப்வர்ம் மாத்னு சொல்றாங்க, ஐலாந்தஸ்ங்கறது இதோட புழு தின்னற மரம். கனடாவோட தெற்கு ஓரத்துலேந்து கோஸ்டா ரிக்கா வரைக்கும் இருக்கு, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து பக்கம் எல்லாம் கோடை முடியற சமயத்துல சாதாரணமா கண்ணுல படும். இதை எடுத்ததுக்கு இன்னொரு காரணம், இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பங்காளி இருக்கு, ஹெப்பால் தாண்டி ஜிகேவிகே விவசாயப் பல்கலைக்கழகம் பக்கம் போனா பார்க்கலாம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல போட்டோ. அங்கேந்து வர்ற போட்டோல பத்துக்கு எட்டு, வாசல் கதவை முழுசா எடுத்து நடுவுல ஒரு புள்ளி இருக்கும். அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. என்ன கேக்கணும்னா, மேலேந்து நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முடிஞ்சா மூஞ்சி தெரியற மாதிரி முன்னாடிலேந்து ஒண்ணு. பக்கத்துல ஒரு காசு வெக்கச் சொல்லுங்க, அமெரிக்க பென்னி 19.05 மில்லிமீட்டர் குறுக்களவு, அது ஒண்ணு படத்துல இருந்தா சைஸ் பிரச்சனை முடிஞ்சுது. இங்க நீங்க பண்றதுன்னா இப்போ வர்ற புது ஒரு ரூபாக் காசு 20 மில்லிமீட்டர். ஃப்ளாஷ் நேரா அடிச்சா செதில் எல்லாம் பளபளன்னு வெள்ளையாயிடும், இன்னொரு ஃபோன் டார்ச்சை ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிச்சு நடுவுல ஒரு டிஷ்யூ பேப்பர் வெச்சா போதும். பூச்சி துருதுருன்னு ஓடிட்டே இருந்தா ஒரு சின்ன டப்பால பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல (ஃப்ரீசர்ல இல்ல, ப்ளீஸ்) கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தா மந்தமாயிடும், போட்டோ எடுத்துட்டு வெளில விட்டா சூடேறி பறந்து போயிடும். கூடவே தேதி, ஊர், பக்கத்துல என்ன செடி மரம் இருக்குங்கற மூணையும் வாங்கிக்கோங்க. செடியைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. அதான் முக்கியம்.

அடுத்து, இது மாத் தானா? சிரிக்காதீங்க, இந்தப் பூச்சி விஷயத்துல இது நிஜமான கேள்வி. அட்டேவா உக்காரும்போது ரெக்கையை விரிச்சு வெக்காது, உடம்பைச் சுத்தி பீடி சுருட்டின மாதிரி இறுக்கமா சுருட்டி வெச்சுக்கும், பார்க்கறவங்க வண்டுன்னு நினைப்பாங்க, இல்ல ஏதோ குளவின்னு நினைப்பாங்க. என் அண்ணன் பொண்ணு நியூ ஜெர்சி எடிசன்லேந்து போட்டோ போட்டுட்டு "அத்தை, இது லேண்டர்ன்ஃப்ளை தானே? அப்பா மிதிச்சிடுன்றாரு"ன்னா. "உங்கப்பாவைச் சும்மா இருக்கச் சொல்லுடி, நீ முதல்ல பக்கவாட்டுல ஒண்ணு எடு"ன்னேன். அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு, ஸ்பாட்டட் லேண்டர்ன்ஃப்ளைன்னு ஒரு ஆசியப் பூச்சி 2014ல பென்சில்வேனியால கண்டுபிடிச்சாங்க, அங்கேந்து பரவி நியூ ஜெர்சி முழுக்க வந்துடுச்சு, பார்த்தா மிதிங்கன்னு அரசாங்கமே சொல்லுது, அதுக்கும் பிடிச்ச மரம் இதே ஐலாந்தஸ்தான். ரெண்டும் ஒரே மரத்துல இருந்தா குழப்பம் வரத்தான் செய்யும்.

பிரிச்சுப் பார்க்கறது கஷ்டமில்ல. லேண்டர்ன்ஃப்ளை வளர்ந்தது சுமார் 25 மில்லிமீட்டர் நீளம், முன் ரெக்கை சாம்பல் கலந்த பழுப்பு, அதுல கருப்புப் புள்ளி, பின் ரெக்கைல சிவப்பு. வளராத குஞ்சு கடைசி கட்டத்துல சிவப்பா வெள்ளைப் புள்ளியோட இருக்கும், ஆனா அதுக்கு ரெக்கையே முழுசா இருக்காது, தொட்டா துள்ளும். அதோட வாய் நேரா ஒரு ஊசி, மரத்துல குத்தி சாறு உறிஞ்சறதுக்கு. மாத்துக்கு வாய் சுருள், தலைக்கு அடில சுருட்டி வெச்சிருக்கும், பூவுல உக்கார்றப்போ அவுத்து விடும். வண்டா இருந்தா முதுகு நடுவுல கெட்டியான ரெண்டு மேல் ஓடும் நேர்கோடா சந்திக்கும், மாத்துல அந்த மாதிரி நேர்கோடு வராது, ஒரு ரெக்கை இன்னொண்ணு மேல கொஞ்சம் ஏறி இருக்கும். எல்லாத்தையும் விட சுலபம், விரல்ல லேசா ஒட்டிப் பார்த்தா பொடி வரும், அந்தப் பொடிதான் செதில், செதில் இருந்தா மாத் இல்லன்னா பட்டாம்பூச்சி. அதுக்கப்புறம் உணர்கொம்பு முனைல குண்டு இல்லாம மெல்லிசா இருக்கறதைப் பார்த்துட்டா மாத்ங்கறது உறுதி.

சைஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. புத்தகத்துல போடற அளவு பெரும்பாலும் ரெக்கையை முழுசா விரிச்சா ஒரு முனைலேந்து இன்னொரு முனை வரைக்கும். அட்டேவா ஆரியாவுக்கு அது 18லேந்து 30 மில்லிமீட்டர். ஆனா போட்டோல இருக்கறது சுருட்டிட்டு உக்காந்திருக்கற பூச்சி, அது நீளத்துல அதுல பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. இதை யோசிக்காம "இது ரொம்ப சின்னதா இருக்கே, வேற ஸ்பீசிஸ் போல"ன்னு நல்ல விடையைத் தூக்கிப் போட்டவங்க நிறைய பேர்.

இப்போ முக்கியமான இடம். உக்கார்ற தோரணை. சின்ன மாத்துல, அதாவது மைக்ரோன்னு சொல்ற கூட்டத்துல, குடும்பத்தைக் கண்டுபிடிக்க இதை விட நல்ல வழி போட்டோல கிடையாது. கலர் ஒரே குடும்பத்துக்குள்ளயே தாறுமாறா மாறும், தோரணை அவ்வளவு மாறாது. ரெக்கையை ரெண்டு பக்கமும் குச்சியா நீட்டி டி எழுத்து மாதிரி நின்னா ப்ளூம் மாத், டெரோஃபோரிடே, அதுல சந்தேகமே வேண்டாம். தோள்பட்டைகிட்ட அகலமா, கீழே மணி வடிவத்துல தட்டையா உக்காந்தா டார்ட்ரிசிடே. மூஞ்சிக்கு முன்னாடி நீட்டமா மூக்கு வெச்ச மாதிரி இருந்தா க்ராம்பிடே, பைராலிடே பக்கம் போங்க. தலைல முடி கலைஞ்சு சீப்பு படாத தலையா இருந்தா டினீடே, இந்தக் கூட்டத்துல ஒண்ணோட புழுவை நீங்க வீட்லயே பார்த்திருப்பீங்க, பாத்ரூம் சுவத்துல சாம்பல் கலர்ல தட்டையா ஒரு கூட்டைத் தூக்கிட்டு நகரும், நடுவுல அகலம், ரெண்டு முனைலயும் ஓட்டை, அம்மா விளக்குமாத்தால தட்டிவிடுவாங்களே அதான். ஃப்ளோரிடா வீட்டுச் சுவத்துலயும் அந்தக் கூட்டம் உண்டு. உணர்கொம்பை ரெண்டையும் நேரா முன்னாடி நீட்டி வெச்சு, முதுகுல வெளிர் நிற வைர வடிவம் வரிசையா வந்தா டைமண்ட்பேக், ப்ளூடெல்லிடே. கோலார் பக்கம் முட்டைக்கோஸ் போடறவங்களைக் கேளுங்க, அந்தப் பூச்சியைத் திட்டாத நாள் இருக்காது, அமெரிக்காவுலயும் அதே பூச்சி அதே முட்டைக்கோஸ்லதான்.

டைமண்ட்பேக்கை சும்மா இழுக்கல. அட்டேவா இருக்கற பெருங்குடும்பமும் (பல குடும்பம் சேர்ந்த கூட்டம்) அதுதான், இப்போனோமியூடாய்டியா. இந்தப் பெருங்குடும்பத்துக்குப் பொதுவான அடையாளம்னு ஆய்வாளர்கள் சொல்றது ஆண் பூச்சியோட வயித்துல எட்டாவது வளையத்துல பக்கவாட்டு மடல் பெருசா இருக்கறது, அது போட்டோல தெரியாது, மைக்ரோஸ்கோப் வேணும். போட்டோல கிடைக்கறது வேற ஒண்ணு. சுருள் வாயோட அடிப்பாகத்துல செதில் இருக்கா இல்லையான்னு பாருங்க. கெலிக்கியாய்டியா, பைராலாய்டியாங்கற வேற ரெண்டு பெருங்குடும்பத்துலயும் அடில செதில் மூடியிருக்கும், இப்போனோமியூடாய்டியால மொட்டையா இருக்கும். நல்ல மேக்ரோ லென்ஸ் போட்டு பூவுல தேன் குடிக்கறப்போ எடுத்த படம்னா இது தெரியும். க்ளிப் மாட்டற லென்ஸ் ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, அண்ணன் பொண்ணுக்கு பர்த்டேக்கு அதைத்தான் அனுப்ப வெச்சேன், அவ டிரஸ் எதிர்பார்த்தா, அது வேற கதை.

சரி, இப்போ கலருக்கு வரலாம். அட்டேவா ஆரியாவோட முன் ரெக்கை நல்ல ஆரஞ்சு. அதுக்குக் குறுக்க நாலு பட்டையா வெளிர் மஞ்சள் இல்ல வெள்ளைத் திட்டுகள், ஒவ்வொரு திட்டையும் சுத்தி கருப்பு ஓரம், கோலத்துக்குக் காவி கட்டற இடத்துல கருப்பு கட்டிருக்குன்னு வெச்சுக்கோங்க. பின் ரெக்கை புகை படிஞ்ச கருப்பு, உக்காந்திருக்கறப்போ தெரியாது. பகல்லயும் பறக்கும், கோல்டன்ராட் பூவுல உக்காந்து தேன் குடிக்கும், ராத்திரி லைட்டுக்கும் வரும், அதனால பகல்ல பார்த்தேன் அப்போ மாத் இல்லன்னு முடிவு கட்டக் கூடாது.

இதோட குழம்பக்கூடியது என்னென்னன்னு தெரிஞ்சிருக்கணும், அடையாளம் சொல்றதுல பாதி வேலை அதுதான். முதல்ல யூடிதீசா ஆர்னாட்ரிக்ஸ், டைகர் மாத் கூட்டம், கிலுகிலுப்பைச் செடில வளரும், நம்ம ஊர்லயும் அதோட சொந்தக்காரங்க அதே கிலுகிலுப்பைல உண்டு. அதுல வெள்ளைப் பட்டைக்குள்ள கருப்புப் புள்ளி இருக்கும், அட்டேவால வெள்ளைத் திட்டைச் சுத்தித்தான் கருப்பு, உள்ள இல்ல. பின் ரெக்கை யூடிதீசால ரோஜா நிறம். அடுத்து ஹைப்போப்ரீபியா, லைக்கன் மாத், அதுல நீளவாக்குல கோடு ஓடும், குறுக்க திட்டு வராது. மூணாவதுதான் ஆளைக் கவுக்கறது, சைடோசியான்னு நாக்டுவிடே குடும்பத்துல ஒண்ணு, ஃப்ளோரிடா டெக்சாஸ் பக்கம் இருக்கு, ஆரஞ்சு வெள்ளை கருப்பு எல்லாம் இதே மாதிரி போட்டுட்டு நிக்கும், சம்பந்தமே இல்லாத குடும்பம். டெக்சாஸ்லேந்து வர்ற படம்னா உடனே அட்டேவான்னு சொல்லிடாதீங்க, உக்கார்ற தோரணைக்குத் திரும்பப் போங்க, திட்டு எல்லாம் தனித்தனியா வட்டமா மூடியிருக்கா இல்ல கோடா நெளிஞ்சு ஓடுதான்னு பாருங்க. நியூ ஜெர்சின்னா இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்ல.

மரம். வெப்வர்ம்னு பேர்லயே இருக்கு, புழு வலை பின்னி கூட்டமா இருக்கும், ஐலாந்தஸ் அல்டிசிமா இலைகளை நூலால இழுத்துக் கட்டி உள்ள உக்காந்து தின்னும். புழுவுக்கு முதுகுல பழுப்புப் பட்டை, பக்கவாட்டுல வெள்ளையும் ஆலிவ் பச்சையுமா மெல்லிசு கோடுகள். கூட்டுப்புழுவும் அந்த வலைலயே தொங்கும். முட்டைலேந்து பூச்சியாக ஏறக்குறைய நாலு வாரம், அதனால ஒரு கோடைல பல தலைமுறை வந்து போகும்.

ஐலாந்தஸ் அங்க சொந்த மரமில்ல, சீனாலேந்து வந்தது, 1784ல பிலடெல்ஃபியால ஒருத்தர் தோட்டத்துல அழகுக்கு வெச்சாரு, இப்போ ரயில் பாதை, பார்க்கிங் லாட் ஓரம், கைவிட்ட காலி மனை எங்க பார்த்தாலும் அதான், நம்ம ஊர்ல சீமைக்கருவேலத்துக்கு என்ன மரியாதையோ அங்க இதுக்கு. அப்போ இந்த மாத் அதுக்கு முன்னாடி எதைத் தின்னுச்சு? தெற்கு ஃப்ளோரிடாலயும் அதுக்குக் கீழயும் இருக்கற சிமரூபா மரத்தை. ஐலாந்தஸும் சிமரூபாவும் ஒரே தாவரக் குடும்பம், சிமரூபேசியே, அதனால புது மரம் வந்ததும் இதுக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியல, மரம் வடக்க பரவப் பரவ இதுவும் பின்னாடியே போச்சு. ஆனா வடக்குல குளிர்காலத்தை இதால தாங்க முடியாது, ஒவ்வொரு வருஷமும் தெற்குலேந்து புதுசா பறந்து வரணும். செப்டம்பர் அக்டோபர்ல நியூயார்க்ல பார்த்தேன்னா இயல்பு, பிப்ரவரில வெளில பார்த்தேன்னு சொன்னா தேதியைத் திரும்பக் கேளுங்க.

மரத்தை உறுதி பண்ண ஒரு சின்ன டெக்னிக், ஏன்னா அங்க சுமாக், பிளாக் வால்நட் ரெண்டும் தூரத்துலேந்து ஒரே மாதிரி இருக்கும், வேப்பிலை மாதிரி ஒரு காம்புல வரிசையா சிற்றிலைகள். ஐலாந்தஸ் சிற்றிலையோட ஓரம் மொத்தமா வழவழன்னு இருக்கும், அடிப்பக்கம் காம்புகிட்ட மட்டும் ஒண்ணு ரெண்டு பல், அந்தப் பல்லுக்கு அடில ஒரு சின்ன சுரப்பி மேடு. மத்த ரெண்டுலயும் பெரும்பாலும் ஓரம் முழுக்க பல் இருக்கும். இலையைக் கசக்கினா கெட்டுப் போன வேர்க்கடலை வாடை, அண்ணி மோந்து பார்த்துட்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல விட்ட டோஸை இங்க எழுத முடியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும், வளர்ந்த பூச்சி உக்காந்திருக்கற செடி அதோட உணவுச் செடின்னு அர்த்தமில்ல, தேன் குடிக்க வந்திருக்கலாம், சும்மா வெயில் காயலாம். புழு தின்னுட்டு இருக்கற செடி மட்டும்தான் கணக்கு.

அடையாளம் ஆச்சு, இப்போ வகைப்பாடு. இங்கதான் நிறைய பேர் கழண்டுக்குவாங்க, எனக்கோ இதான் சுவாரசியம், கொஞ்சம் நீளமா போகும்.

முழுப் பேர் எழுதறப்போ அட்டேவா ஆரியா (ஃபிட்ச், 1856)னு போடுவாங்க. அந்த அடைப்புக்குறி சும்மா அலங்காரத்துக்கு இல்ல. பேர் வெச்சவர் ஏசா ஃபிட்ச், நியூயார்க் மாநிலத்தோட பூச்சியியலாளரா இருந்தவர், வருஷம் 1856. அடைப்புக்குறிக்குள்ள இருந்தா அவர் முதல்ல வெச்ச ஜீனஸ் (பேரோட முதல் பாதி) இப்போ இருக்கறது இல்லன்னு அர்த்தம். அவர் வெச்சது டெயோபியா ஆரியா. டெயோபியாங்கறது இப்போ யூடிதீசாவுக்குள்ள போயிடுச்சு, அதே டைகர் மாத், மேல குழப்பம் வரும்னு சொன்னேனே. ஃபிட்ச் மாதிரி ஆளே அங்கதான் கொண்டு போய் வெச்சிருக்காரு, அந்த ஆரஞ்சையும் புள்ளியையும் பார்த்தா ஏன்னு புரியும். அடைப்புக்குறி இல்லாம இருந்தா முதல்லேந்து அதே ஜீனஸ்தான்.

பழைய புத்தகத்துலயோ பழைய லிஸ்ட்லயோ தேடினா இந்தப் பூச்சி அட்டேவா பங்க்டெல்லாங்கற பேர்ல இருக்கும். வட அமெரிக்க மாத்துக்கு எல்லாம் 1983ல வந்த ஹாட்ஜஸ் செக்லிஸ்ட்ல ஒரு நம்பர் உண்டு, இதோட நம்பர் 2401. பேர் மாறினாலும் நம்பர் மாறாது, அதனால தேடறப்போ நம்பரைக் கையில வெச்சுக்கோங்க, பழைய பேர்ல இருக்கற படம் எல்லாம் அதை வெச்சு இணைச்சுப் பார்க்கலாம்.

ஏன் பேர் மாறுச்சுன்னா, கோஸ்டா ரிக்காவோட குவானகாஸ்டே காட்டுல மாத் கணக்கெடுப்பு பண்ணிட்டு இருந்தவங்க ஒண்ணைக் கவனிச்சாங்க. அங்க எர்காடிகான்னு ஒரு பேர்லயும் வட அமெரிக்கால பங்க்டெல்லான்னு ஒரு பேர்லயும் இருந்த பூச்சிகளோட டிஎன்ஏ பார்கோடு (ஒரு ஜீன்ல இருக்கற எழுத்து வரிசை) அச்சு அசல் ஒண்ணா இருக்கு. அதே சமயம் கோஸ்டா ரிக்காலயே ஒண்ணுன்னு நினைச்சது ரெண்டு ஸ்பீசிஸா பிரியுது, ஒண்ணு வறண்ட காட்டுல, இன்னொண்ணு மழைக்காட்டுல. 2010ல ஜூகீஸ் ஆய்விதழ்ல இதை எழுதினாங்க. சரி, எந்தப் பேரை எதுக்கு வெக்கறது? எர்காடிகா பிற்பாடு வெச்ச பேர், ஏற்கனவே பேர் உள்ள பூச்சிக்கு. பங்க்டெல்லா 1781ல ஸ்டோல் வெச்சது, பழசுதான், ஆனா அதே பேரை அதுக்கு முன்னாடியே வேற பூச்சிக்கு வெச்சுட்டாங்க, ஒரே பேர் ரெண்டு பூச்சிக்கு இருக்கக் கூடாது, முந்தினது நிக்கும் பிந்தினது போகும். அதனால ரெண்டுமே செல்லாது. கடைசில வறண்ட காட்டுலேந்து கனடா வரைக்கும் இருக்கறதுக்கு ஃபிட்ச்சோட ஆரியா, மழைக்காட்டு ஸ்பீசிஸுக்கு பஸ்டுலெல்லான்னு முடிவாச்சு. இனிமே சண்டை வரக் கூடாதுன்னு ஃபிட்ச்சோட ஆரியாவுக்கும் ஸ்டோலோட பங்க்டெல்லாவுக்கும் புது மாதிரிப் பூச்சி ஒண்ணொண்ணைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பேர்னா இந்தப் பூச்சிதான்னு பதிவு பண்ணி வெச்சாங்க, அதுக்கு நியோடைப்னு பேர். ஃப்ளோரிடாலேந்து ஃப்ளோரிடானான்னு ஒண்ணு தனியா இருந்துச்சு, அதோட பார்கோடும் ஒத்துப் போக, அதையும் தற்காலிகமா ஆரியாவுக்குள்ளயே சேர்த்துட்டாங்க.

குடும்பமும் மாறிடுச்சு. அந்த 2010 கட்டுரைலயே இப்போனோமியூடிடேன்னுதான் இருக்கும். இப்போ அட்டேவிடேன்னு தனிக் குடும்பம், அதுல இருக்கறது ஒரே ஒரு ஜீனஸ், அட்டேவா, மொத்தமே சுமார் ஐம்பது ஸ்பீசிஸ், பெரும்பாலும் வெப்ப நாடுகள்ல. ஆக பழைய ஃபீல்ட் கைடுல ஒரு குடும்பம், புதுசுல ஒரு குடும்பம்னு இருந்தா பதறாதீங்க, பூச்சி அதேதான், எந்த வருஷத்துப் புத்தகம்னு மட்டும் பாருங்க.

இதுக்கெல்லாம் டிஎன்ஏ பார்க்கணுமான்னா, நியூ ஜெர்சி பூச்சிக்குத் தேவையே இல்ல, அங்க இந்த மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான், நல்ல போட்டோ போதும். கோஸ்டா ரிக்கால எடுத்த படம்னா தைரியமா ஸ்பீசிஸ் வரைக்கும் போகாம அட்டேவான்னு நிறுத்திக்கலாம், அது ஒண்ணும் தோல்வி இல்ல. பார்கோடுங்கறது பூச்சியோட ஒரு காலைக் கிள்ளி மைட்டோகாண்ட்ரியா ஜீன் ஒண்ணுல 658 எழுத்தைப் படிச்சு ஒப்பிடறது. அதுக்கும் முந்தின வழி, வயித்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊற வெச்சு இனப்பெருக்க உறுப்பைப் பிரிச்சுப் பார்க்கறது. மைக்ரோ மாத்துல பழுப்புக் கலர்ல ஒண்ணுமே இல்லாத பூச்சிக்கு எல்லாம் இன்னிக்கும் இதுதான் கடைசித் தீர்ப்பு, போட்டோல யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. ஆர்வக் கோளாறுல இங்கேந்து பூச்சியைக் கவர்ல போட்டு அமெரிக்கா லேபுக்கு அனுப்பவும் வேண்டாம், 2002 பல்லுயிர்ச் சட்டம் இருக்கு, சென்னைல இருக்கற தேசிய பல்லுயிர் ஆணையத்தோட விதிமுறை எல்லாம் உண்டு. போட்டோ தாராளமா அனுப்புங்க.

ஃபோன் ஆப் சொல்ற பேரைப் பத்தி ஒரு வார்த்தை. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப் அட்டேவா ஆரியாவை டக்குனு பிடிச்சுடும், ஏன்னா அதுக்கு லட்சணமான படம் ஏகப்பட்டது இருக்கு. ஆனா அதே நம்பிக்கையோட ஒரு மங்கலான டார்ட்ரிசிடேக்கும் முழு ஸ்பீசிஸ் பேர் சொல்லும், அங்கதான் வம்பு. ஆப் சொன்ன பேரை எடுத்துக்கிட்டு அது அந்த ஊர்ல, அந்த மாசத்துல இருக்குமா, இந்தத் தோரணைல உக்காருமான்னு கேளுங்க. ஒத்துவரலன்னா ஒரு படி மேல போய் குடும்பத்தோட நிறுத்துங்க.

இப்போ நம்ம ஊர்ப் பங்காளி. அட்டேவா ஃபேப்ரிசியெல்லா. அமெரிக்க சிமரூபாவை எண்ணெய் வித்துக்காக 1960கள்ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க, ஜிகேவிகே விவசாயப் பல்கலைக்கழகத்துல இதுல நிறைய வேலை நடந்துச்சு, நர்சரில லட்சுமி தருன்னு கேட்டா தருவாங்க, தமிழ்ல சொர்க்க மரம். அந்த மரம் இங்க வந்ததும், ஏற்கனவே நம்ம பெருமரத்துல, அதான் தீக்குச்சிக்கு வளர்ப்பாங்களே அந்த ஐலாந்தஸ் எக்செல்சால, வாழ்ந்துட்டு இருந்த இந்தப் பூச்சி இதுலயும் ஏறிடுச்சு. அங்க சிமரூபால இருந்த பூச்சி ஆசிய ஐலாந்தஸுக்குத் தாவுச்சு, இங்க ஐலாந்தஸ்ல இருந்த பூச்சி அமெரிக்க சிமரூபாவுக்குத் தாவுச்சு, ரெண்டும் அட்டேவா. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

மழை ஆரம்பிச்ச பிறகு இளம் சிமரூபா மரத்துல கொழுந்துப் பக்கம் இலை எல்லாம் நூல்ல இழுத்துக் கட்டின மாதிரி இருந்தா கிட்டப் போய்ப் பாருங்க. பூச்சி ஆரஞ்சுல வெள்ளைப் புள்ளி, ஆனா அமெரிக்கப் பூச்சில இருக்கற கருப்பு ஓரம் கட்டின பெரிய திட்டுப் பட்டை இதுல இல்ல, சின்னச் சின்னப் புள்ளியா சிதறி இருக்கும். உக்கார்ற தோரணை அதே சுருட்டல்தான். வலையோட ஒரு கொத்தை வெட்டி ஒரு காத்தோட்டமான டப்பால வெச்சு, அடில டிஷ்யூ போட்டு, புது இலை மாத்திட்டே வந்தா (தண்ணி தெளிக்காதீங்க, பூஞ்சை பிடிச்சுடும்) புழு, கூட்டுப்புழு, பூச்சி மூணையும் ஒரே இடத்துல படம் எடுத்துடலாம், அந்த மாதிரி வரிசைப் படம் இருந்தா அதை மிஞ்சின ஆதாரம் கிடையாது. சில சமயம் மாத்துக்குப் பதிலா குட்டிக் குளவி வெளில வரும், அது புழுவுக்குள்ள முட்டை வெச்ச ஒட்டுண்ணி, அதையும் படம் எடுத்து வெச்சுக்கோங்க.

படத்தோட கூட எழுதி வெக்க வேண்டியது, தேதி, மணி, இடம் (பெங்களூர்னு மட்டும் போடாம ஏரியா, முடிஞ்சா ஜிபிஎஸ்), மரத்தோட பேர், லைட்டுக்கு வந்துச்சா செடில இருந்துச்சா, சைஸ், யார் எடுத்தது. நியூ ஜெர்சிப் படம்னா தேதியை அங்கத்து நேரப்படி எழுதுங்க, வாட்ஸ்அப்ல நமக்கு வந்த தேதி ஒரு நாள் தள்ளி இருக்கும். வாட்ஸ்அப் படத்துல இருக்கற விவரத்தை எல்லாம் அழிச்சு, படத்தையும் சுருக்கி அனுப்பும், அதனால டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.